தோட்டா தேடும் பழைய ரிவால்வர்

படைக்கலங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் குழலைப் பற்றியே எழுதுவர். குழலுக்குள் இடப்படும் மருந்தையும் ஈயத்தையும் யார் செய்தார், யார் விற்றார், யார் தடுத்தார் என்று வினவுவோர் சிலரே. பாட்டன் காலத்து ரிவால்வர் ஒன்றுக்கு ஏற்ற தோட்டாவைத் தேடிப் புறப்படும் ஒருவர், தம்மை அறியாமலே மறைந்து கிடக்கும் அந்த வரலாற்றுக்குள் நுழைந்துவிடுகிறார். கன்னட எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் அதனைத் தொடங்குவதற்கு மிகவும் பொருத்தமான களம்.

மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791 ஜூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போயின. அதே ஆண்டு நவம்பரில் மாக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கியும் மேற்கோட்டையைப் பிடிக்க இயலாது திரும்பியது. 1792 உடன்படிக்கையால் பாராமகால் கம்பெனிக்கு உரியதாயிற்று. அக்காலத்துத் துப்பாக்கி வாய்வழியே மருந்து கெட்டிக்கப்படுவது. வெடியுப்பு, கந்தகம், அடுப்புக்கரி ஆகிய மூன்றும் கிடைத்தால் மருந்து ஆயிற்று. ஈயத்தை உருக்கிக் குழலின் அளவுக்கு வார்த்தால் குண்டு ஆயிற்று. ஆகவே எவ்வளவு பழைய துப்பாக்கியும் இரையின்றிக் கிடந்ததில்லை. காட்டோரச் சிற்றூர்களின் நாட்டுத் துப்பாக்கி பல தலைமுறைகள் உயிர்வாழ்ந்ததன் இரகசியமும் இதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலோகத் தோட்டா பரவியதும் நிலைமை மாறிற்று. பித்தளைக் கூட்டுக்குள் மருந்து, குண்டு, அடியில் பற்றவைக்கும் கேப்பு ஆகிய யாவும் ஒருங்கே அடங்கின. மழையிலும் நனையாது, நொடியில் நிரப்பலாம். ஆனால் அந்த வசதிக்கு ஈடாகத் துப்பாக்கி தொலைவிலுள்ள ஆலைக்கு அடிமையாயிற்று. புனேக்கு அருகில் கிர்க்கியில் 1869இல் வெடிபொருள் ஆலை எழுந்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது. 1907ஐ ஒட்டி, 0.450 அங்குல ரைஃபில்களும் அவற்றின் தோட்டாக்களும் இந்தியாவுக்குள் வரத் தடை விதிக்கப்பட்டது. பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு அவை பயன்பட்டுவிடும் என்னும் அச்சமே காரணம். தோட்டாவை அடைத்தால் துப்பாக்கி தானே வாய்மூடும் என்பதை அரசு நன்கு உணர்ந்திருந்தது.

விடுதலைப் போராட்டமும் இதே பாடத்தைக் கற்றது. 1914 ஆகஸ்டு 26இல் கல்கத்தாவின் ரோடா நிறுவனத்துச் சரக்கிலிருந்து 50 மௌசர் கைத்துப்பாக்கிகளையும் அவற்றோடு 46,000 தோட்டாக்களையும் புரட்சியாளர் கவர்ந்தனர். அச்செயலின் முழுப் பயனும் அந்த இரண்டாவது எண்ணில்தான் அடங்கியிருந்தது. 1930 ஏப்ரல் 18இல் சூர்யா சென் தலைமையில் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றியோர்க்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. துணைப்படைக் கிடங்கில் ரைஃபில்களும் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளும் கிடைத்தன. வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்த தோட்டாக்கள் கிடைக்கவில்லை. கைக்கு எட்டிய வலிமை அவ்விரவில் வெறும் இரும்பாய் நின்றது.

ரிவால்வரின் கதை இன்னும் சிக்கலானது. 1887இல் பிரிட்டிஷ் படை ஏற்ற வெப்ளி ரிவால்வர் 0.455 அங்குலத் துளையுடையது. கரும்மருந்துத் தோட்டாவுக்கென அமைந்தது. 1890களில் அத்தோட்டாவில் கார்டைட் என்னும் புகையற்ற மருந்து புகுந்தது. 1897இல் அதன் கூடும் குறுகியது. 1932இல் படையே 0.38க்கு மாறியது. ஆனால் 0.38 என்பதும் ஒரே தோட்டாவின் பெயரன்று. பிரிட்டிஷ் 0.38 ரிவால்வரின் குண்டு சுமார் 0.36 அங்குலம், அமெரிக்க 0.38 ஸ்பெஷலின் குண்டோ 0.357 அங்குலம். கூட்டின் நீளமும் உள்ளழுத்தமும் வேறு. அமெரிக்காவில் விற்கப்பட்ட பழைய வெப்ளிகள் பலவற்றின் உருளையைச் சற்றே சீவி, 0.45 தானியங்கித் துப்பாக்கியின் தோட்டா நுழையுமாறு செய்தனர். தோட்டா நுழைந்தது, அதன் அழுத்தமோ அந்த உருளை தாங்குவதற்குரிய வரம்பைக் கடந்தது. நுழைவதெல்லாம் பொருந்துவதன்று. சுடுபவரின் கையே அதற்கு விலையாகக்கூடும்.

ஓசூர்ப் பகுதியின் காடுகளும் இதற்குச் சான்று தரும். ஜவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளை நூல்களில் எழுதிப் புகழ்பெறச் செய்த பெங்களூர் வேட்டையாளர் கென்னத் ஆண்டர்சன் (1910-1974) கையாண்டது 0.405 விஞ்செஸ்டர் ரைஃபில். அமெரிக்க ஆலை 1930களில் அந்த ரைஃபிலையும், 1950களின் நடுவில் அதன் தோட்டாவையும் நிறுத்தியது. கடல்கடந்த ஒரு வணிக முடிவு காவிரிக்கரைக் காட்டிலுள்ள ஒரு துப்பாக்கியை ஊமையாக்க வல்லதாயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கும் திரையிட்டது. 2014இல் அக்காடுகளின் ஒரு பகுதி காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாயிற்று.

இன்று அதே ஓசூரில் மயிரிழை அளவும் பிசகாமல் உருக்கைக் கடையும் பட்டறைகள் நிறைந்துள்ளன. பித்தளைக் கூடு ஒன்றைக் கடைவது அங்கே அரிய வித்தையன்று. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். தோட்டா கிடைக்காத ஒரே காரணத்தால் பழைய ரிவால்வர் காட்சிப்பொருளாகிவிடாது. பழுது நீக்கினாலும் சுட இயலாத நிலையிலுள்ள பழம்படைக்கலத்துக்கே அச்சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது.

ஆதலின் பழைய ரிவால்வரை மரபுரிமையாய்ப் பெற்றோர் முதலில் தேட வேண்டுவது தோட்டாவை அன்று; குழலில் பொறித்த எழுத்தையும் எண்ணையும், உரிமத்தில் எழுதிய துளையளவையும் ஆகும். அவை இரண்டும் ஒத்திருந்து, துப்பாக்கி அறிந்தவர் சோதித்து நலமெனச் சொன்னால், உரிமம் பெற்ற கடையே வழி. ஒவ்வாவிடில் அதன் இரும்பைப் பேச வைக்க முயல வேண்டா. ஆண்டும் ஆலையும் பொறித்த அந்த எழுத்துக்களே வரலாறு பேசும். அவை பேசத் தோட்டா எதற்கு?