ஹுஸ்ஸா: வடம் இழுத்தவர்களின் குரல்

பள்ளி விளையாட்டு விழாவில் கோப்பை வென்ற அணியில் ஒருவர் ‘ஹிப் ஹிப்’ என்று எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஹுர்ரே’ என்று முழங்குவார்கள். அந்த ஹுர்ரேக்கு ஓர் அண்ணன் உண்டு: ‘ஹுஸ்ஸா’. இன்று ஆங்கிலேயரே பழங்கால வேடம் போடும்போதுதான் அதைச் சொல்கிறார்கள்.

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே எழுத்தில் பதிவான சொல் இது. அடுத்த நூற்றாண்டில் லண்டன் தெருக்களைப் பிடித்துக்கொண்டது. 1680ஐ ஒட்டிய அரசியல் கொந்தளிப்பில், ‘கிரீன் ரிப்பன்’ என்ற அரசியல் கழகத்தார் மதுக்கடை மாடத்தில் புகைக்குழாயும் கையுமாக நின்று கீழிருந்த கூட்டத்தை உசுப்பேற்றியதை ரோஜர் நார்த் என்ற வழக்கறிஞர் எழுதிவைத்திருக்கிறார். ஹுஸ்ஸா எங்கிருந்து வந்தது என்பதையும் அவரே சொல்கிறார்: நண்பர்கள் கப்பலில் ஏறும்போதும் இறங்கும்போதும் மாலுமிகள் எழுப்பும் முழக்கம் அது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர் மட்டுமல்லர்.

மாலுமிகளுக்கு அது எப்படிக் கிடைத்தது? 1549 வாக்கில் எழுதப்பட்ட ‘ஸ்காட்லாந்தின் முறையீடு’ என்ற நூலில், கப்பல் புறப்படும் காட்சி ஒன்று விரிவாக வருகிறது. அதில் கயிறு இழுப்பவர்களின் கூவல்களும் பதிவாகியுள்ளன. ‘ஹைசா’ அவற்றில் ஒன்று. தூக்கு, ஏற்று என்ற பொருள் கொண்ட வினையிலிருந்து பிறந்த கூவல். டச்சு, பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளிலும் பாய் ஏற்றுவதற்கான சொல் இந்தக் குடும்பமே. நனைந்த பாயும் கனத்த பருமலும் மேலே போக வேண்டுமானால் பத்துப் பேரின் கை ஒரே நொடியில் இழுக்க வேண்டும். முதல் அசையில் மூச்சு, இரண்டாவதில் இழுப்பு. நம் கடற்கரையில் ‘ஐலசா’ செய்வதும் இதே வேலைதான். ஒலி ஒத்திருப்பதால் உறவு என்று நான் சொல்ல வரவில்லை, வேலை ஒன்று என்கிறேன்.

இழுவைக் கூவலே ஹுஸ்ஸாவின் வேர் என்பதை அகராதியார் ‘இருக்கலாம்’ என்ற அளவில்தான் ஏற்கிறார்கள். எனக்கு அதுவே மிகவும் பொருந்துகிறது. பாய் ஏறி முடிந்ததும் வருகிற மகிழ்ச்சியைச் சொல்ல, வாயில் ஏற்கெனவே இருந்த குரலைவிட வேறென்ன வேண்டும்?

18ஆம் நூற்றாண்டுப் பாடல்களில் இச்சொல் ‘டே’ (நாள்) போன்ற ஆங்கிலச் சொற்களோடு இயைபாக வருவதால், பலர் அதை ‘ஹுஸ்ஸே’ என்றே ஒலித்திருக்க வேண்டும். ஹுர்ரேயின் இன்னொரு வடிவமான ஹுர்ரா 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எட்டிப் பார்க்கிறது. ஹுஸ்ஸாவின் திரிபாக இருக்கலாம்; ஜெர்மானிய, ஸ்காண்டிநேவிய ‘ஹுர்ரா’வின் தாக்கமும் இருக்கலாம். 1813இல் நெப்போலியனை எதிர்த்த பிரஷ்யப் படைகளின் போர்முழக்கம் அதுவே. மெல்ல அண்ணனைத் தம்பி விஞ்சினான்.

‘ஹிப் ஹிப்’புக்கு மட்டும் ஒரு கட்டுக்கதை சுற்றுகிறது: ‘ஜெருசலேம் வீழ்ந்தது’ என்ற லத்தீன் தொடரின் முதலெழுத்துகளாம், சிலுவைப் போர் வீரர்களின் முழக்கமாம். 1819இல் வுர்ட்ஸ்பர்க்கில் தொடங்கி ஜெர்மானிய நகரங்களில் யூதர்களைத் தாக்கிய கும்பல்கள் ‘ஹெப் ஹெப்’ என்று கத்தியது உண்மை. லத்தீன் விளக்கம் பின்னால் ஒட்டவைத்தது. ஆங்கிலத்திலோ ‘ஹிப்’ என்பது 18ஆம் நூற்றாண்டிலேயே ஒருவரைக் கூப்பிட்டுத் திரும்பவைக்கும் சாதாரண விளி. இரண்டையும் இணைக்கச் சான்றில்லை. விழா மேடையில் யாராவது இந்தச் சிலுவைப் போர்க் கதையைச் சொன்னால், தயவுசெய்து திருத்துங்கள்.