கால்நடை அறிவியலாளர், வேளாண் இதழாளர் சங்கங்கள் (அமெரிக்கா)

அமெரிக்காவில் கால்நடைகளை ஆராய்வோரும், அந்த ஆராய்ச்சியை உழவர்களுக்கு எழுதியும் பேசியும் கொண்டுசேர்ப்போரும் தத்தம் தொழிலுக்கென அமைத்துக்கொண்ட சங்கங்கள். ஆய்வாளர் தரப்பில் பால் அறிவியல் சங்கம் (1906), கால்நடை அறிவியல் சங்கம் (1908), கோழி அறிவியல் சங்கம் (1908) ஆகிய மூன்றும் மூத்தவை. இதழாளர் தரப்பில் வேளாண் பத்திரிகை ஆசிரியர் சங்கம் 1921லும், பண்ணை ஒலிபரப்பாளர் சங்கம் 1944லும் தோன்றின. கொள்முதல் விலைக்கும் மானியத்துக்கும் குரல் கொடுக்கும் விவசாயிகள் சங்கங்களோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆய்வாளர் சங்கங்களின் தொடக்ககாலக் கவலை வேறு: எதை, எப்படி அளப்பது?

1862இன் மோரில் சட்டம் மாநிலந்தோறும் வேளாண் கல்லூரி அமைய நிலம் தந்தது. 1887இன் ஹேட்ச் சட்டம் அக்கல்லூரிகளோடு ஆய்வு நிலையங்களை இணைத்தது. நிலையங்கள் பெருகின, முறைகளும் பெருகின. ஒரு மாநிலத்தில் எடுத்த தீவனக் கணக்கை இன்னொரு மாநிலத்துக் கணக்கோடு ஒப்பிட வழியில்லை. இந்தச் சிக்கல் வெளிப்படையாகப் பேசப்பட்ட இடம் கோடைக்கால வேளாண் பட்டமேற்படிப்பு முகாம். 1902இல் ஒஹாயோவில் முதன்முதலாக நடந்த இம்முகாம், 1906இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திலும் 1908இல் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் கூடியது. மேற்சொன்ன மூன்று ஆய்வாளர் சங்கங்களும் இவ்விரு கூடல்களில் பிறந்தவை. பாடம் கேட்க வந்தவர்கள் சங்கம் வைத்துவிட்டுப் போனார்கள் என்றே சொல்லலாம்.

பால் அறிவியல் சங்கத்தின் முதற்பெயர் ‘பால்பண்ணைப் பயிற்றுநர், ஆய்வாளர் தேசியச் சங்கம்’. பாலில் அளவுச் சிக்கல் அன்றாடப் பணத்தோடு சம்பந்தப்பட்டது. எடைக்கு மட்டும் காசு கொடுத்த காலத்தில் தண்ணீர் கலந்தவருக்கே ஆதாயம். விஸ்கான்சின் வேதியியலாளர் ஸ்டீபன் பாப்காக் 1890இல் இதற்கு ஒரு முடிவு கட்டினார். 17.6 மில்லி பாலைக் கழுத்து நீண்ட குப்பியில் ஊற்றி, ஏறத்தாழ அதே அளவு அடர் கந்தக அமிலம் சேர்த்துக் குலுக்கினால் கலவை பழுப்பேறிக் கொதிப்பாகும். அமிலம் புரதத்தைக் கரைத்துவிடும். கொழுப்பு மட்டும் எஞ்சும். குப்பியைச் சுழலியில் சுற்றி வெந்நீர் விட்டால் கொழுப்பு கழுத்துக்கு ஏறி நிற்கும்; அங்குள்ள கோடுகளில் சதவீதத்தை நேராகப் படித்துவிடலாம். பாப்காக் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. நம்மூர்ப் பால் சொசைட்டிகளில் நெடுங்காலம் புழங்கிய கெர்பர் சோதனை இதன் ஒன்றுவிட்ட தம்பி.

அடுத்த கேள்வி ஆய்வாளர்களுடையது. நிறையக் கறக்கும் ஹோல்ஸ்டீனையும் கெட்டியாகக் கறக்கும் ஜெர்சியையும் எப்படி ஒப்பிடுவது? 1923இல் இல்லினாயில் கெய்ன்ஸ், டேவிட்சன் இருவரும் எல்லாப் பாலையும் 4 சதவீதக் கொழுப்புள்ள பாலாக மாற்றிக் கணக்கிடும் சூத்திரத்தைத் தந்தனர். பாலின் எடையை 0.4ஆலும், அதிலுள்ள கொழுப்பின் எடையை 15ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். 3.5 சதவீதக் கொழுப்புள்ள 20 கிலோ பால் இக்கணக்கில் 18.5 கிலோ, 5 சதவீதமுள்ள 14 கிலோ பால் 16.1 கிலோ. கறவையில் 6 கிலோவாக இருந்த இடைவெளி 2.4 கிலோவாகச் சுருங்கிவிடுகிறது. இத்தகைய ஆய்வுகளுக்கென்றே பால் அறிவியல் சங்கத்தின் ஆய்விதழ் 1917 முதல் வெளிவருகிறது.

கால்நடை அறிவியல் சங்கம் ‘கால்நடை ஊட்டச்சத்துச் சங்கம்’ என்ற பெயரில் தொடங்கியது. 1912இல் ‘கால்நடை உற்பத்திச் சங்கம்’ ஆனது. இன்றைய பெயர் 1961இல் வந்தது. முதல் தலைவர் பென்சில்வேனியாவின் ஹென்றி பிரென்டிஸ் ஆர்ம்ஸ்பி. மனிதர்களுக்காக வேதியியலாளர் அட்வாட்டர் உருவாக்கிய வெப்ப அளவி அறையைப் பெரிதாக்கி, காளையே உள்ளே நிற்கும்படி அமைத்தவர் இவர். காற்றுப் புகாத அந்த அறையில் மாடு தின்றது, கழித்தது, மூச்சில் விட்டது, உடம்பிலிருந்து வெளியேறிய வெப்பம் அனைத்தும் கணக்கில் ஏறின. தின்ற தீவனத்தில் எவ்வளவு உடம்பில் தங்கிற்று என்ற ‘நிகர ஆற்றல்’ கணக்கு இப்படித்தான் கிடைத்தது.

ஆனால் ஆற்றல் கணக்கு மட்டும் போதாது என்பதும் அதே ஆண்டுகளில் தெரியவந்தது. 1907இல் விஸ்கான்சினில் 16 கிடேரிகளை நான்கு குழுவாகப் பிரித்து, மக்காச்சோளம், கோதுமை, ஓட்ஸ், மூன்றும் கலந்தது என ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தீவனம் கொடுத்தனர். வேதியியல் பகுப்பாய்வில் நான்கும் ஏறக்குறைய ஒன்றே. மக்காச்சோளம் தின்றவை தளதளவென்று வளர்ந்து நல்ல கன்று ஈன்றன. கோதுமை தின்றவற்றின் கன்றுகள் பிழைக்கவில்லை. உயிர்ச்சத்து ஆய்வுக்கு வழிவகுத்த பரிசோதனைகளில் இதற்குத் தனியிடம் உண்டு. கால்நடை அறிவியல் சங்கத்தின் ஆய்விதழ் 1942இல்தான் தொடங்கியது. அதுவரை ஆண்டுக்கூட்ட நடவடிக்கைத் தொகுப்பே ஆவணம்.

மூன்று ஆய்வாளர் சங்கங்களும் சேர்ந்து 1998இல் ஒரு கூட்டமைப்பு அமைத்தன. ஆய்விலும் கற்பித்தலிலும் பண்ணை விலங்குகளைப் பேணுவதற்கான வழிகாட்டி நூலை (முதற்பதிப்பு 1988) இக்கூட்டமைப்பு ஏற்றுத் திருத்தி வெளியிட்டது. கால்நடை மருத்துவருக்கு அரசு உரிமம் கட்டாயம்; தீவன ஆலோசகருக்கு அப்படியில்லை. அந்தக் குறையை ஈடுகட்ட, தேர்வெழுதித் தகுதிச் சான்று பெறும் தொழில்முறைப் பதிவேடு ஒன்றும் இயங்குகிறது. சேர்வது அவரவர் விருப்பம்.

இதழாளர் தரப்பு வரலாறு இவ்வளவு ஒழுங்கானதல்ல. தொடக்கத்தில் பத்திரிகை ஆசிரியரும் சங்கச் செயலாளரும் பல நேரம் ஒரே ஆள். 1872இல் விஸ்கான்சின் பால்பண்ணையாளர் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான வில்லியம் ஹோர்ட், பாலாடைக்கட்டியைக் குளிரூட்டிய ரயில் பெட்டிகளில் கிழக்குக் கரைக்கு அனுப்பக் கட்டணம் பேசி முடித்தவர். 1885இல் ‘ஹோர்ட்ஸ் டெய்ரிமேன்’ இதழைத் தொடங்கி, 1889இல் மாநில ஆளுநரும் ஆனார். அயோவாவின் ஹென்றி ஏ. வாலஸ் குடும்பப் பத்திரிகையை நடத்திக்கொண்டே 1926இல் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை நிறுவனம் தொடங்கினார். 1933இல் வேளாண் அமைச்சராகவும் 1941இல் துணைக் குடியரசுத் தலைவராகவும் உயர்ந்தார். செய்தி எழுதுபவரும் விதை விற்பவரும் ஒருவராக இருப்பதை அன்று பெரிய முரணாக யாரும் கருதியதாகத் தெரியவில்லை.

வேளாண் கல்லூரிகளில் சம்பளத்துக்கு எழுதியவர்கள் 1913இல் தனிச் சங்கம் கண்டனர். மறு ஆண்டு வந்த ஸ்மித்–லீவர் சட்டம் விரிவாக்கப் பணிக்கு நிதி கொடுத்ததால் அவர்கள் வேலை பெருகியது. தனியார் பத்திரிகைகளின் ஆசிரியர்கள் 1921இல் கூடினர், வானொலிக்காரர்கள் 1944இல்.

இந்தச் சங்கங்களைத் தொடர்ந்து உறுத்தும் விஷயம் விளம்பரம். பண்ணை இதழ்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் டிராக்டர், விதை, பூச்சிமருந்து நிறுவனங்களே பெரும் வருவாய். ஒலிபரப்பாளர் சங்கம் இதை மறைப்பதில்லை. கான்சாஸ் நகரில் நடக்கும் அதன் ஆண்டு மாநாட்டில் நிறுவனங்களும் பண்ணை அமைப்புகளும் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருக்கும். வானொலிக்காரர்கள் ஒலிப்பதிவுக் கருவியுடன் மேசை மேசையாகப் போய்ப் பேட்டி எடுப்பார்கள். அவற்றில் பல பின்னர் அவர்களின் பண்ணை நிகழ்ச்சிகளில் ஒலிக்கும்.