போர்க்கப்பல் தந்த கிண்ணம்

1921 ஆம் ஆண்டு 'எச்.எம்.எஸ். மலாயா' என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் மலாயாத் துறைமுகங்களுக்கு வந்தது. அந்தக் கப்பலைக் கட்டப் பணம் கொடுத்ததே பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய கூட்டு மலாய் மாநிலங்கள்தான். கப்பல்காரர்கள் உள்ளூர் அணிகளோடு உதைபந்தும் ரக்பியும் விளையாடினார்கள். கிடைத்த உபசாரத்துக்கு நன்றியாக இரண்டு விளையாட்டுக்கும் ஒவ்வொரு கிண்ணம் அன்பளிப்புச் செய்தார்கள். மலாயாவின் காசில் கட்டிய கப்பல் மலாயாவுக்கே ஒரு கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போனது!

அந்த உதைபந்துக் கிண்ணம்தான் மலாயாக் கிண்ணம். 1967 இல் புதிய கிண்ணத்தோடு மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறியது. இன்று பெரும்பாலும் மலேசிய சுப்பர் லீக் கழகங்களே மோதிக்கொள்ளும், தோற்றவர் வெளியேறும் போட்டி அது. ஆசியாவின் மிகப் பழைய உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளில் ஒன்று.

நான் இந்த வரலாற்றில் முக்கியமாகப் பார்ப்பது அணிகளின் பெயர்களை. அக்காலத்தில் அங்கே நகரக் கழகங்கள் பல இனவாரியாகவே இருந்தன. மலாயர், சீனர், இந்தியர், யுரேசியர் என்று தனித்தனிக் கழகங்கள். எங்கட நாட்டவர்கள்கூட 1928 இல் சிங்கப்பூரில் 'சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப்' அமைத்துக்கொண்டார்கள். ஆனால் கிண்ணத்துக்கு ஆடப் போனால் இனப் பெயர் கிடையாது. சிலாங்கூர், பினாங்கு, பேராக், சிங்கப்பூர் என்று இடத்தின் பெயர்தான். பிற்காலச் சிலாங்கூர் அணியில் முன்னால் மொக்தார் தஹாரி, பின்னால் சந்தோக் சிங், கோல் காக்க ஆறுமுகம். கோல் விழாமல் ஆறுமுகம் பாய்ந்து பிடித்தால் மைதானம் முழுக்க எழும்பிக் கத்தும். அந்த நேரம் அவர் யாருடைய ஆள் என்று எவரும் கேட்கவில்லை.

1921 இல் முதலாவது இறுதிப்போட்டியில் சிங்கப்பூர் 2-1 என்று சிலாங்கூரை வென்றது. அன்று தொடங்கிய போட்டா போட்டி 1965 இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடான பிறகும் நிற்கவில்லை. தனிக் கொடி, தனிக் கடவுச்சீட்டு, தனி நாணயம் எல்லாம் வந்துவிட்டன. சிங்கப்பூர் அணியோ அதன் பிறகும் மலேசியக் கிண்ணத்துக்கு ஆடியது. 1994 இல் பகாங்கை 4-0 என்று வீழ்த்தி 24 ஆவது தடவையாகக் கிண்ணத்தை வென்றது.

அதோடு சரி. நுழைவுச்சீட்டு வருமானத்தைப் பங்கிடுவதில் இரு சங்கங்களுக்கும் ஒத்துவரவில்லை. ஆட்டங்களைக் காசுக்கு விற்ற ஊழலும் அக்காலத்தில் பெரிதாக வெடித்தது. சிங்கப்பூர் விலகி, 1996 இல் தன் சொந்த லீக்கைத் தொடங்கியது. 2012 இல் வேறொரு பெயரில் திரும்பி வந்து, 2015 உடன் அதுவும் முடிந்தது. அதே 2015 இல் சிலாங்கூர் 33 ஆவது முறையாகக் கிண்ணத்தைத் தூக்கியது. எதிரே சிங்கப்பூர் இல்லை.

வரலாற்றுப் பாடநூலில் பிரிவினைக்கு நேரே 1965 என்றுதான் எழுதியிருக்கும், அது சரியும்தான். ஆனால் ஓர் உதைபந்து ரசிகனுக்கு அந்தப் பிரிவு நடந்தது 1994 க்குப் பிறகு. அரசியல் பிரித்த பிறகும் 29 வருடம் நின்ற ஓர் உறவை முறிக்க, ஒரு கணக்குப் புத்தகம் போதுமாயிருந்தது. சமூகங்கள் எதனால் சேர்ந்திருக்கின்றன, எதனால் பிரிகின்றன என்று தேடுகிற நாம், ஒப்பந்தங்களோடு மைதானங்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.