லுக்டூனம்: ஒரு நகரின் எழுச்சியும் வீழ்ச்சியும்

இன்று பிரான்சு நாட்டில் லியோன் என வழங்கும் மாநகர், பண்டைக் காலத்தில் லுக்டூனம் எனப் பெயர் பெற்றிருந்தது. ஜூலியஸ் சீசர் வென்றடக்கிய கல்லியா நாட்டில், ரோன், சோன் என்னும் ஈராறுகள் கூடுமிடத்தை நோக்கிய குன்றின்மீது, கி.மு. 43ஆம் ஆண்டில் முனாசியஸ் பிளாங்கஸ் என்னும் உரோம ஆளுநர் இதனை நிறுவினார். பின்னர் அகிரிப்பா அமைத்த நெடுஞ்சாலைகள் இங்கிருந்து பல திசைகளுக்கும் சென்றன. நாணயச்சாலை எழுந்தது. தொலைவிலுள்ள மலைகளிலிருந்து நான்கு கால்வாய்கள் நீர் கொணர்ந்தன; அவற்றுள் நீண்டது ஏறத்தாழ 85 கிலோமீட்டர். நாணயங்களில் பேரரசர் முகம் பொறிக்கப்பட்டது. கால்வாய்க்குக் கல் சுமந்தோர் முகத்தை நாம் அறியோம்.

இந்நகரில் கி.மு. 10இல் பிறந்த கிளாடியஸ் பின்னாளில் பேரரசரானார். கி.பி. 48இல் கல்லியாவின் தலைவர்கள் உரோம ஆட்சிமன்றத்தில் இடம் கேட்டனர். பகைவர் மரபினர்க்கு இடமளித்தல் தகாதென மன்றத்தார் பலர் மறுத்தனர். உரோமின் மன்னர் சிலரே அயலார் என்றும், சர்வியஸ் துல்லியஸ் என்னும் மன்னன் சிறைப்பட்ட பெண்ணொருத்தியின் மகன் என நூலோர் கூறுவர் என்றும் கிளாடியஸ் எடுத்துரைத்தார். கதவு திறந்தது. அவ்வுரையைப் பொறித்த வெண்கலப் பட்டயம் 1528இல் லியோனில் கிடைத்தது. இன்றும் அந்நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆயினும் அக்கதவு செல்வர்க்கே திறந்தது. அடிமைகள் வெளியிலேயே நின்றனர். கி.பி. 177இல் கிறித்தவர்கள் இங்கு வதைக்கப்பட்டபோது, பிளாண்டினா என்னும் அடிமைப் பெண்ணும் அவர்களுள் ஒருவர். உடல் மெலிந்த அவர் உறுதி தளர்வாரோ எனத் தோழர்களே அஞ்சினர். காலைமுதல் மாலைவரை வதைத்தவர்கள் களைத்தனர். அவர் தளரவில்லை என அக்காலத்து மடலொன்று கூறுகிறது.

கி.பி. 197இல் அரியணைக்காகச் செப்டிமியஸ் செவரஸும் குளோடியஸ் அல்பினஸும் இந்நகரருகே பொருதனர். அல்பினஸ் பக்கம் நின்ற நகர் சூறையாடப்பட்டது. பின்னர் டிரையர் நகர் முதன்மை பெற்றது. கால்வாய்கள் பழுதுற்றன, குன்றில் நீரின்றிப் போகவே மக்கள் ஆற்றங்கரைக்கு இறங்கினர். மேலிருந்த மாளிகைகள் பிற கட்டடங்களுக்குக் கல் தரும் குவியல்களாயின.

இளைஞர்களே! இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. மறுக்கப்பட்ட இடத்தைக் கேட்டுப் பெற்றோர், தமக்குக் கீழுள்ளோர்க்கும் அக்கதவைத் திறந்து வைத்தல் வேண்டும். கல்லியாவின் தலைவர்கள் அதனைச் செய்தாரில்லை. கல்வியால் உயரும் நாம் அப்பிழையைச் செய்யலாகாது. கற்ற ஒவ்வொருவரும் இன்னும் ஒருவரைக் கைப்பிடித்து அழைத்து வருவோமாக.