லோ பிபி என்றால் என்ன? 'ஹைப்போ', 'ஹைப்பர்' குழப்பம் ஏன் ஆபத்து?

காஞ்சிபுரம் மாவட்டம் தென்னேரி போன்ற ஏரிப்பாசன கிராமங்களில், நாள் முழுக்க குனிந்து நாற்று நட்டவர் சட்டென நிமிரும்போது கண் இருட்டினால், பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வது இதுதான்: "லோ பிபியா இருக்கும், எலுமிச்சை ஜூஸ்ல உப்பு போட்டுக் குடி." ஆனால் தலைச்சுற்றல் எல்லாமே லோ பிபி கிடையாது.

பெயருக்கு என்ன அர்த்தம்?

மருத்துவச் சீட்டில் 'ஹைப்போடென்ஷன்' என்று இருந்தால் குறை ரத்த அழுத்தம். 'ஹைப்பர்டென்ஷன்' என்றால் உயர் ரத்த அழுத்தம், அதாவது நாம் சொல்லும் ரத்தக் கொதிப்பு. கிரேக்க மொழியில் 'ஹைப்போ' என்றால் கீழே, 'ஹைப்பர்' என்றால் மேலே. இங்கே 'டென்ஷன்' என்பது மனக் கவலை அல்ல. ரத்தக் குழாயின் சுவர் மீது ரத்தம் கொடுக்கும் அழுத்தம்.

எவ்வளவு இருந்தால் லோ பிபி?

பொதுவாக 90/60-க்குக் கீழே போனால் லோ பிபி என்கிறார்கள். சிலருக்கு இயல்பாகவே இந்த அளவுதான் இருக்கும். தொந்தரவு எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது.

எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், அதுவும் ஒரு வகை லோ பிபிதான். வயதானவர்களுக்கு இது அதிகம். கீழே விழுந்து எலும்பு முறியும் அபாயம் இருப்பதால் மெதுவாக எழ வேண்டும்.

எதனால் வருகிறது?

வெயிலில் நீர்ச்சத்து குறைவது, வாந்தி, பேதி, ரத்தப்போக்கு, இதய பாதிப்பு, தீவிர நோய்த்தொற்று, சில மாத்திரைகள் ஆகியவை காரணமாகலாம். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகும் அழுத்தம் திடீரெனக் குறையலாம். அப்போதுதான் கூடுதல் கவனம் தேவை.

எதோடு குழப்பிக்கொள்கிறோம்?

"ரத்தம் கம்மி" என்பது ரத்த சோகை. அது வேறு, லோ பிபி வேறு. சர்க்கரை நோயாளிக்கு வியர்த்து, கை நடுங்கினால் அது லோ சுகராக இருக்கலாம். எனவே பிபி, சுகர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

உப்புத் தண்ணீர் குடிக்கலாமா?

ரத்தக் கொதிப்பு, இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் அளந்து பார்க்காமல் உப்பைக் கூட்டுவது ஆபத்து. "பிபி இறங்கிடுச்சு" என்று தாங்களாகவே மாத்திரையை நிறுத்துவதும் தவறு. அளவை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

உடனே என்ன செய்வது?

உட்கார வைப்பதைவிடப் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்துங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் தண்ணீர் கொடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், உளறல், உடல் சில்லிட்டு வியர்ப்பது, கறுப்பாக மலம் போவது இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க தமிழக அரசின் 104 எண் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபியை இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம்.