தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை

தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை என்பது, உயர்கல்வியில் போதிய இடம் பெறாத சமூகங்களைச் சேர்ந்த இந்திய மாணவர்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ பெறுவதற்கு இந்திய நடுவண் அரசு வழங்கும் நிதியுதவித் திட்டம் ஆகும். இது 1954-55 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம் இதனை நிருவகிக்கிறது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நாடோடி மற்றும் அரை நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் ஆகிய பிரிவினர் இதனால் பயன்பெறுகின்றனர். இது கடன் அன்று. எனினும் படிப்பை இடையில் கைவிடுவோரிடமிருந்து தொகை திரும்பப் பெறப்படும்.

முன்வரலாறு

ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒரு மாணவர் அரசுப் பணத்தில் வெளிநாடு சென்று படித்ததற்குப் பெரிதும் அறியப்பட்ட முன்னுதாரணம் பீ. ஆர். அம்பேத்கர் ஆவார். பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய உதவித்தொகையைப் பெற்று அவர் 1913 இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மாதம் 11.50 பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்கு அத்தொகை அளிக்கப்பட்டது. திரும்பியபின் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது உடன்படிக்கை. 1916 இல் அவர் இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். ஆயினும் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917 இல் படிப்பைப் பாதியில் விட்டு நாடு திரும்ப நேர்ந்தது. தம் சேமிப்பையும் கோலாப்பூர் மன்னர் சாகு மகராசரின் உதவியையும் கொண்டு 1920 இல் மீண்டும் இலண்டன் சென்ற பின்னரே அப்படிப்பை முடிக்க இயன்றது.

அக்காலத்தில் இத்தகைய வாய்ப்பு மன்னர் அல்லது செல்வந்தரின் தனிப்பட்ட நல்லெண்ணத்தைச் சார்ந்தே இருந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன் 1945 இல் இலண்டன் சென்றதும் டாட்டா நிறுவன உதவித்தொகையினால்தான். வைசிராயின் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்த அம்பேத்கர், 1942 அக்டோபரில் அளித்த கோரிக்கை மனுவில், பட்டியல் சாதி மாணவர்கள் உயர்கல்வி பெறவும் வெளிநாடு சென்று பயிலவும் அரசே நிதி ஒதுக்க வேண்டும் என வலியுறுத்தினார். உள்நாட்டில் கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை 1944 இல் தொடங்கியது. விடுதலைக்குப் பின் உருவான தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை இக்கோரிக்கைகளின் தொடர்ச்சியாகக் கருதத்தக்கது.

இடங்களும் தகுதிகளும்

நெடுங்காலம் 100 ஆகவோ அதற்குக் குறைவாகவோ இருந்த ஆண்டு இடங்கள், 2021-22 இல் 125 ஆக உயர்த்தப்பட்டன. இவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கும், 6 சீர்மரபினர் மற்றும் நாடோடிப் பழங்குடியினருக்கும், 4 நிலமற்ற வேளாண் தொழிலாளர் மற்றும் மரபுவழிக் கைவினைஞருக்கும் உரியவை. 30 விழுக்காடு பெண்களுக்கு ஒதுக்கப்படுகிறது.

விண்ணப்பதாரர் 35 வயதுக்கு உட்பட்டவராகவும், தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் பெற்றவராகவும் இருத்தல் வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 8 இலட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரே பெற்றோரின் பிள்ளைகளுள் இருவருக்கு மேல் இதனைப் பெற இயலாது. இளநிலைப் படிப்புக்கு இத்திட்டத்தில் இடமில்லை.

வழங்கப்படும் உதவி

கல்விக் கட்டணம் முழுவதையும் அரசே ஏற்கிறது. அந்தந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் வழியாக இத்தொகை செலுத்தப்படுகிறது. 2021-22 க்குப் பிந்தைய நெறிமுறைகளில் பராமரிப்புப் படி அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் ஆண்டுக்கு 15,400 டாலர் எனவும், ஐக்கிய இராச்சியத்திற்கு 9,900 பவுண்டு எனவும் வரையறுக்கப்பட்டது. நூல், கருவி போன்ற சில்லறைச் செலவுகளுக்கு முறையே 1,500 டாலரும் 1,100 பவுண்டும் உண்டு. விசாக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, சிக்கன வகுப்பு விமானப் பயணச் சீட்டு ஆகியவையும் அடங்கும். முனைவர் பட்டத்திற்கு 4 ஆண்டுகளும் முதுநிலைப் பட்டத்திற்கு 3 ஆண்டுகளும் உச்ச வரம்பு.

இலண்டன், நியூயார்க் போன்ற நகரங்களில் வீட்டு வாடகையே இப்படியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நகருக்கு நகர் வேறுபடும் செலவை நாட்டுக்கு ஒரே தொகை ஈடுசெய்வதில்லை.

தேர்வு முறை

விண்ணப்பதாரர் முதலில் கியூ. எஸ். உலகத் தரவரிசையின் முதல் 500 இடங்களுக்குள் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் நிபந்தனையற்ற சேர்க்கை உறுதிக் கடிதம் பெற்றிருக்க வேண்டும். தனியே எழுத்துத் தேர்வு நடத்தப்படுவதில்லை. சேர்க்கை கிடைத்த பல்கலைக்கழகம் தரவரிசையில் எவ்வளவு முன்னே உள்ளதோ அதற்கேற்பத் தகுதிப் பட்டியல் அமைகிறது.

இம்முறை எளிமையானது, ஆனால் ஒரு சிக்கலையும் உடையது. ஆங்கிலத் திறன் தேர்வுக் கட்டணம், பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டணம், இடத்தை உறுதிசெய்யும் முன்பணம் ஆகியன உதவித்தொகை அறிவிக்கப்படுவதற்கு முன்பே மாணவர் தம் கையிலிருந்து செலுத்த வேண்டியவை. சேர்க்கைக்கு எப்படி விண்ணப்பிப்பது, நோக்க அறிக்கையை எவ்வாறு எழுதுவது என்று சொல்லித்தர ஆளில்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இக்கட்டமே பெருந்தடையாகிறது. 2020 க்கு முந்தைய பல ஆண்டுகளில் இருந்த 100 இடங்களே முழுமையாக நிரம்பவில்லை. மாணவர் இல்லாமையால் நிகழ்ந்தது எனக் கொள்வதை விட, சேர்க்கைக் கடிதம் வரை வந்து சேர்ந்தவர் குறைவு எனக் கொள்வதே பொருந்தும்.

ஆய்வுப் பொருள் மீதான கட்டுப்பாடு

2022 பிப்ரவரியில் வெளியான 2022-23 ஆம் ஆண்டுக்கான நெறிமுறையில் புதிய விதி ஒன்று சேர்க்கப்பட்டது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைச் சார்ந்த சமூக ஆய்வு ஆகியவை தொடர்பான படிப்புகளுக்கும் ஆய்வுத் தலைப்புகளுக்கும் இனி உதவித்தொகை இல்லை என்பதே அது. இப்பொருள்களை ஆராய்வதற்கான வளங்கள் இந்தியாவிலேயே உள்ளன என்றும், வெளிநாட்டு நிதியுதவியைப் பிற துறைகளுக்குப் பயன்படுத்துவதே சிறந்தது என்றும் அரசுத் தரப்பில் விளக்கம் கூறப்பட்டது.

கல்வியாளர்களும் மாணவர் அமைப்புகளும் இவ்விதியைக் கண்டித்தனர். சாதியை அனுபவித்து அறிந்தவர்கள் அதனை உலகின் முன்னணி ஆய்வுக்கூடங்களில் ஆராய்வதை இது தடுக்கிறது என்பது அவர்களது வாதம். தமக்கென வசதி உடையவர்கள் எந்தத் தலைப்பையும் தேர்ந்தெடுக்கலாம். அரசு உதவியை நம்பியிருப்பவருக்கு மட்டுமே இக்கட்டுப்பாடு பொருந்தும் என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது.

அம்பேத்கர் 1916 மே மாதம் கொலம்பியாவில் படித்த கட்டுரை இந்தியாவில் சாதிகளின் தோற்றத்தைப் பற்றியது. அங்கு அவரது முனைவர் பட்ட ஆய்வு பிரித்தானிய இந்திய மாகாணங்களின் நிதி பற்றியது. இலண்டனில் 1923 இல் அவர் பெற்ற அறிவியல் முனைவர் பட்டத்திற்குரிய ஆய்வு இந்திய ரூபாயின் சிக்கலைப் பற்றியது. பொருளியல் ஆய்வுகளை ஒருவேளை இவ்விதி விட்டுவைக்கலாம். சாதி பற்றிய கட்டுரை இதன்படி தப்பியிராது.

2025 ஆம் ஆண்டு நிகழ்வு

2025-26 ஆம் ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 106 பேருள் 40 பேருக்கு மட்டுமே முதலில் தற்காலிக ஒப்புதல் கடிதங்கள் வழங்கப்பட்டன. எஞ்சியோருக்கு நிதி கிடைப்பதைப் பொறுத்தே கடிதம் அனுப்பப்படும் என 2025 சூலையில் அறிவிக்கப்பட்டது. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்கும். விசா பெறுவதற்குப் பணவசதிச் சான்று தேவை என்பதால், ஒப்புதல் கடிதம் தாமதமாவது சேர்க்கையையே இழக்கச் செய்யக்கூடும்.

தொடர்புடைய பிற திட்டங்கள்

பட்டியல் பழங்குடியினருக்கெனப் பழங்குடியினர் நல அமைச்சகம் தனியே ஒரு திட்டத்தை நடத்துகிறது. அதில் ஆண்டுக்கு 20 இடங்களே உள்ளன. அவற்றுள் 3 மிகவும் நலிவுற்ற பழங்குடியினருக்கு உரியவை. சிறுபான்மையினரின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் அளித்துவந்த ‘படோ பர்தேசு’ திட்டம் 2022-23 முதல் கைவிடப்பட்டது.

மாநில அரசுகள் சிலவும் இத்தகைய உதவியை வழங்குகின்றன. மகாராட்டிரத்தின் இராசர்சி சாகு மகராசர் உதவித்தொகை 2003 முதல் நடைமுறையில் உள்ளது. சார்க்கண்டு 2021 இல் பழங்குடி மாணவர்களுக்காக செய்பால் சிங் முண்டாவின் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியின மாணவர்களுக்காக அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் செயல்படுத்தப்படுகிறது. ஆண்டுக்கு அதிகபட்சம் 36 இலட்சம் ரூபாய் வரை அதில் வழங்கப்படுகிறது.