சர்வதேச ஒப்பந்தத்தை மக்கள் ஓட்டுக்கு விடலாமா? அயர்லாந்தில் நடந்தது என்ன?

வாக்குச்சீட்டில் இருந்தது இரண்டே பதில்கள்தான். 'ஆம்' அல்லது 'இல்லை'. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் 200 பக்கங்களைத் தாண்டிய ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதை மாற்றி அமைத்த லிஸ்பன் ஒப்பந்தம் அது. 2008 ஜூன் 12ஆம் தேதி அயர்லாந்து மக்கள் அதற்கு 53.4 சதவீத வாக்குகளுடன் 'இல்லை' என்றார்கள்.

ஓட்டு வித்தியாசம் சுமார் 1.1 லட்சம். அப்போது ஒன்றியத்தில் 27 நாடுகள், ஏறக்குறைய 50 கோடி மக்கள். ஒரு நாடு ஒப்புதல் தராவிட்டாலும் ஒப்பந்தம் அமலுக்கு வராது. அதனால் எல்லாமே நின்றுபோனது.

அயர்லாந்தில் மட்டும் ஏன் ஓட்டெடுப்பு?

மற்ற 26 நாடுகளும் நாடாளுமன்றம் மூலமாகவே ஒப்புதல் கொடுத்தன. அயர்லாந்தில் அப்படி முடியவில்லை. காரணம், 1987இல் வந்த ஒரு தீர்ப்பு. ரேமண்ட் குரோட்டி என்ற பொருளாதார அறிஞர் தொடுத்த வழக்கில், வெளியுறவுக் கொள்கையில் நாட்டின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்கு அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அயர்லாந்தில் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்றால் மக்களிடம் போயே ஆக வேண்டும்.

சரி, மக்கள் ஏன் 'இல்லை' என்றார்கள்?

முதல் பிரச்சினை, அதைப் படிக்கவே முடியவில்லை என்பதுதான். லிஸ்பன் ஒப்பந்தம் தனியாக நிற்கும் ஆவணம் இல்லை. பழைய ஒப்பந்தங்களில் 'இந்தப் பிரிவில் இந்தச் சொல்லை எடுத்துவிட்டு இதைச் சேர்க்கவும்' என்று போகும் திருத்தங்களின் தொகுப்பு. பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் படித்தால் ஒன்றும் புரியாது. அன்றைய பிரதமர் பிரையன் கோவனே அதை முழுதாகப் படிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். ஐரோப்பிய ஆணையத்தில் அயர்லாந்தின் சார்பில் இருந்த சார்லி மெக்ரீவி இன்னும் ஒரு படி மேலே போனார். தானும் படிக்கவில்லை, புத்தி தெளிவாக உள்ள யாரும் படிப்பார்கள் என்று எதிர்பார்க்கவும் இல்லை என்றார்! ஓட்டு கேட்க வந்தவர்களே இப்படிப் பேசினால் எதிர்த்தரப்புக்கு வேறு என்ன வேண்டும்? 'தெரியாவிட்டால் இல்லை என்று போடுங்கள்' என்ற முழக்கம் நன்றாகவே எடுபட்டது. பிறகு அரசு எடுத்த ஆய்வில், 'இல்லை' போட்டவர்களில் 42 சதவீதம் பேர் ஒப்பந்தம் பற்றிப் போதிய தகவல் இல்லை, புரியவில்லை என்பதைக் காரணமாகச் சொன்னார்கள்.

மீதிப் பேருக்கு வேறு வேறு கவலைகள். கார்ப்பரேட் வரியில் ஒன்றியம் கை வைக்குமோ, கருக்கலைப்புச் சட்டம் மாறுமோ, நடுநிலை நாடான அயர்லாந்து ராணுவக் கூட்டுக்குள் இழுக்கப்படுமோ என்று பயந்தார்கள். வரியையும் கருக்கலைப்பையும் ஒப்பந்தம் தொடவே இல்லை. ஆனால், எல்லா நேரமும் அயர்லாந்துக்கு ஓர் ஆணையர் இருக்க மாட்டார் என்ற கவலை நிஜம். ஆணையர்களின் எண்ணிக்கையை 2014 முதல் மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்க ஒப்பந்தத்தில் வழி இருந்தது.

இங்கேதான் சிக்கல். நியாயமான கவலை, தவறான பயம், ஆளுங்கட்சி மீதான கோபம் எல்லாமே ஒரே 'இல்லை'யில் போய் விழுகின்றன. எந்தப் பிரிவை மாற்றினால் மக்கள் சம்மதிப்பார்கள் என்பதை வாக்குச்சீட்டு சொல்லாது. 27 நாடுகள் விட்டுக்கொடுத்துப் போட்ட பேரத்தில் ஒரு நாட்டுக்காக ஒரு வரியைத் திருத்தினால், மற்ற 26 பேரிடமும் மறுபடி பேச வேண்டும்.

கடைசியில் ஒப்பந்தத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. வரி, கருக்கலைப்பு, நடுநிலை மூன்றுக்கும் உத்தரவாதம் கிடைத்தது. நாட்டுக்கு ஓர் ஆணையர் என்ற ஏற்பாடும் தொடரும் என முடிவானது. 2009 அக்டோபர் 2இல் மறுபடி ஓட்டெடுப்பு நடந்தது. இந்த முறை 67.1 சதவீதம் 'ஆம்'. நடுவில் நிதி நெருக்கடி வந்து வங்கிகள் ஆட்டம் கண்டிருந்ததும் ஒரு காரணம். 'ஆம் என்று சொல்லும்வரை விட மாட்டார்களா?' என்ற விமர்சனம் எழுந்தது. அதில் நியாயம் உண்டு. அதே நேரம், முதல் 'இல்லை' வீண்போகவில்லை என்பதும் உண்மை. நாட்டுக்கு ஓர் ஆணையர் என்ற நிலை 27 நாடுகளுக்கும் நீடித்தது அதனால்தான்.

நெதர்லாந்தில் நிலைமை இன்னும் விசித்திரம். உக்ரைனுடனான ஒத்துழைப்பு ஒப்பந்தம் பற்றி 2016 ஏப்ரலில் அங்கே ஓட்டெடுப்பு நடந்தது. வந்தவர்களே 32 சதவீதம். அவர்களில் 61 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது என்பதால், 'இது உக்ரைனுக்கு உறுப்பினர் பதவி தரும் வாக்குறுதி அல்ல' என்ற விளக்கத்தைச் சேர்த்து 2017இல் ஒப்புதல் கொடுத்தார்கள். 2018இல் அந்த ஓட்டெடுப்புச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள்.

அப்போ மக்களிடம் கேட்கவே கூடாதா? அப்படியும் இல்லை. 1994இல் நார்வே தன் மக்களிடம் ஒன்றியத்தில் சேரலாமா என்று கேட்டது. கிட்டத்தட்ட 89 சதவீதம் பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள், 52.2 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நார்வே இன்றும் வெளியேதான் இருக்கிறது. சேர்வதா வேண்டாமா என்பதை ஒரு வரியில் கேட்க முடியும், 'இல்லை' என்றாலும் என்ன செய்வதென்று தெரியும். திருத்தங்களின் மூட்டையை அப்படிக் கேட்க முடியாது. அதை நாடாளுமன்றக் குழு உட்கார்ந்து பிரிவு பிரிவாகப் பார்ப்பதே சரி. ஆனால், அந்த எம்.பி.க்களாவது படிக்கிறார்களா என்று வாக்காளர் கேட்டால், அதற்கும் பதில் இருக்க வேண்டும்.

அயர்லாந்தில் விவகாரம் இன்னும் ஓயவில்லை. கனடாவுடனான வர்த்தக ஒப்பந்தத்தை இப்போதுள்ள சட்டப்படி அரசு ஏற்க முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த முறை ஓட்டெடுப்பு தேவைப்படவில்லை. நடுவர் மன்றச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தினாலே போதும் என்று நீதிபதிகளே வழி காட்டினார்கள்.